பாகவதர் சொன்னது

எல்லோரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மதினியை நினைத்தால் முதலில் வருவது அந்த முதுகுதான். நிறைமாசத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் இருந்தாலும் அப்போதே உட்காரச் சிரமப்பட்டு, ஒரு கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையின் விரலைப் புத்தகத்தின் வரிமேல் நகர்த்திக்கொண்டிருப்பார். வெளியே பந்தலில் பாகவதர் ஏதோ சொல்ல, ஆண்கள் கூட்டம் சிரிக்கும். உள்ளே பெண்களும் சிரிப்பார்கள். மதினியின் முதுகு மட்டும் அசையாது. புது மர அலமாரியின் வார்னிஷ் வாடையும், காஸ்லைட்டின் இரைச்சலும், அந்த முதுகும். நான் வாசற்படியில் நின்றபடி, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வியர்த்துக்கொண்டிருப்பேன்.

அது புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். ஊரில் புதிதாகப் பொது நூலகம் ஒன்று கட்டித் திறந்தார்கள். அதைக் கொண்டாடுவதற்காகத் தை மாசம் தொடங்கிப் பங்குனி வரைக்கும் கலை நிகழ்ச்சிகள் நடத்துவதென்று பெரிய மனுஷர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். நாயனக் கச்சேரி, பாட்டுக் கச்சேரி, பொம்மலாட்டம், மாஜிக், நாடகம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கதாகாலட்சேபம். வாரத்தில் பாதி நாள் பொழுது சாய்ந்தால் நூலக வாசலில் திருவிழாதான். ஊர் பூரா அதைப் பெருமையாகப் பேசியது. எனக்கு அந்தப் பெருமை எதுவும் ஞாபகம் இல்லை. களைப்புத்தான் ஞாபகம் இருக்கிறது.

அப்பா இறந்ததும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்து கடைசியில் அந்த நூலகத்தில் வேலை கிடைத்தது. கதவு திறப்பது, தூசி தட்டுவது, நிகழ்ச்சி நாட்களில் ஜமுக்காளம் விரிப்பது, விளக்கில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்றடித்துத் தொங்கவிடுவது. என் சுபாவமே கவலைப்படுவது. விளக்கு கொளுத்தினால், அது விழுந்து புத்தகமெல்லாம் எரிந்துவிடும் என்று நினைப்பேன். கொளுத்தாவிட்டால், இருட்டில் யாராவது தடுக்கி விழுந்து என் வேலை போய்விடும் என்று நினைப்பேன். வீட்டுக்குப் போனால் பூட்டினேனா இல்லையா என்று திரும்பி நடந்து வருவேன். இந்த வயதில் யோசித்துப் பார்த்தால், நான் வேலை செய்து களைத்ததைவிட நினைத்து நினைத்துக் களைத்ததுதான் அதிகம்.

பெண்கள் பந்தலில் ஆண்களோடு உட்கார வசதிப்படாது என்று, அவர்களுக்கு நூலகத்தின் பெரிய கூடத்தையே ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். மேடையைப் பார்த்த பெரிய ஜன்னல்களுக்கு மூங்கில் தட்டி கட்டி, அதற்குப் பின்னால் ஜமுக்காளம். ஆக, ஆண்களெல்லாம் வெளியே. பெண்களெல்லாம் உள்ளே, புத்தக அலமாரிகளுக்கு நடுவில். இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. விழா முடிகிற வரைக்கும் யாருக்கும் புத்தகம் வீட்டுக்குக் கொடுப்பதில்லை என்பதும் ஏற்பாடு. பகலில் வந்து படிக்கலாம். பகலில் வருகிறவர்கள் பேப்பர் பார்க்க வருகிற ஆண்கள்தான்.

என் அண்ணன் திருச்சி போகிற பஸ்ஸில் கண்டக்டர். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் ஆத்தா, மதினி, நான். மதினிக்கு வல்லத்திராக்கோட்டைப் பக்கம் பிறந்த வீடு. முதல் பிள்ளை அங்கே பிறந்தது. நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் வாய் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை, உடம்பு வில் மாதிரி விறைத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது எங்கள் வீட்டில் பிறந்தது. அதுவும் எட்டாம் நாள், அதே மாதிரி. பட்சி தோஷம் என்றார்கள். சாயங்காலம் பறவை நிழல் மேலே விழுந்தால் அப்படி ஆகுமாம். மதினி அதற்குப் பிறகு எந்தப் பறவை கத்தினாலும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். இப்போது மூன்றாவது முறை மாசமாக இருந்தார்.

விழாவுக்கு அவரைப் போகச் சொன்னதே ஆத்தாதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் சாமி கதை கேட்க வேண்டும், உள்ளே இருக்கிறதும் கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆத்தாவுக்கு மூட்டு வலி, நடக்க முடியாது. அதனால் கதை கேட்கிற பொறுப்பு மதினிக்கு, கூட்டிப்போய்க் கூட்டி வருகிற பொறுப்பு எனக்கு. திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆத்தா கேட்டுவிடுவாள்.

"இன்னிக்கு என்னத்தா கதை? முழுசாக் கேட்டியா, இல்ல தூங்கிட்டியா?"

மதினி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கேட்டதற்கு அதுதான் சாட்சி.

மதினி மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கூட்டத்தில் இடம் இல்லாமல் ஒரு நாள் கடைசி அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்தவர், பொழுது போகாமல் அட்டைகளில் உள்ள எழுத்தைப் படித்திருக்கிறார். பிரசவத்தையும் பிள்ளை வளர்ப்பையும் பற்றிய புத்தகம் ஒன்று கையில் அகப்பட்டது. அன்றைக்கு அலமாரிப் பக்கம் திரும்பினவர்தான். காது மேடைப் பக்கம், கண் புத்தகத்தில். எனக்கு உயிரே இல்லை.

"மதினி, நூலகர் சார் பாத்தா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாரு."

"ஒங்க சார் வெளிய முன் வரிசையில உக்காந்து தாளம் போட்டுக்கிட்டிருக்காரு. நீங்க சும்மா இருங்க தம்பி."

இரண்டு மூன்று நாள் கழித்து, வீட்டுக்கு நடந்து வரும்போது, கிருமி என்றால் என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் நூலகர் சாரிடம், எனக்காகக் கேட்பது மாதிரிக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அழுக்கிலும் மண்ணிலும் சாணியிலும் இருக்கும், புண் வழியாக உடம்புக்குள் போகும் என்றார். அதை அப்படியே மதினியிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்திவிட்டார். ராஜவீதி முனையில் மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

"அப்பப் பட்சி இல்லையா தம்பி?" என்றார்.

அந்தக் காலத்தில் தொப்புள்கொடியைக் கதிர் அறுக்கிற பன்னரிவாளால் அறுப்பார்கள். அடுப்புச் சாம்பலையோ சாணியையோ வைத்துக் கட்டுவார்கள். இரண்டு பிள்ளைக்கும் அப்படித்தான் செய்திருந்தார்கள். கத்தியையும் நூலையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும், கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தொப்புளில் எதையும் வைக்கக் கூடாது என்று புத்தகம் சொன்னது. மதினி அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசித்தார். வாய் மட்டும் அசையும். ஒரு நாள் அப்படி வாசித்துக்கொண்டிருக்கும்போது நூலகர் சார் எதற்காகவோ உள்ளே வந்துவிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் மதினியின் முதுகைப் பார்த்தார், மடியில் இருந்ததைப் பார்த்தார். என்னிடம் வந்து மெதுவாக, "அந்த லைட்ட இன்னுங் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் அந்த விழாவில் களைப்புத்தான் போலிருக்கிறது. அத்தனை கூட்டத்தில் அவர் பார்த்த ஒரே வாசகர் அன்றைக்கு மதினியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மதினி முதலில் நேராகவேதான் ஆத்தாவிடம் சொன்னார். புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறது அயித்த, இந்தத் தடவை சாம்பல் வைக்க வேண்டாம், அரிவாளை வெந்நீரில் போடச் சொல்லுங்க என்று. ஆத்தா கொட்டை எடுத்துக்கொண்டிருந்த புளியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"புத்தகமா புள்ள பெத்துச்சு?"

"இல்லயித்த, டாக்டருங்க எழுதினது."

"அந்த டாக்டரு புள்ள பெத்தானா? எனக்கு அஞ்சு பொறந்துச்சு. சாம்பத்தான் வச்சோம். மூணு தங்கலையா?"

தங்காத இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊரில் பெண்களுக்கென்று ஆஸ்பத்திரி இருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே ஆத்தா அழ ஆரம்பித்துவிடுவாள். அவள் தங்கச்சி ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராதவள். மருத்துவச்சியிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், என்னையே உலகத்துக்கு இழுத்துப் போட்ட கிழவி அவள். ரோஷக்காரி. கோபித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டால் வேறு ஆள் இல்லை. அண்ணனோ, "பொம்பளைங்க விஷயம், எனக்கென்ன தெரியும்" என்று டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். மதினி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. வயிறு மட்டும் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டு வந்தது.

மாசி மாசத்தில் ஒரு நாள் பாகவதர் கிருஷ்ண ஜனனம் சொன்னார். திரும்பி வந்ததும் ஆத்தா வழக்கம் போலக் கேட்டாள். மதினி சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். தேவகிக்குச் சிறையில் வலி கண்டது, காவல்காரர்கள் தூங்கிப்போனது, குழந்தை பிறந்தது. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"அப்ப வசுதேவரு தொப்புள்கொடிய அறுக்கணுமில்ல அயித்த. கத்திய எடுத்து, கொதிக்கிற வெந்நியில போட்டு எடுத்தாராம். கைய நல்லாத் தேச்சுக் கழுவுனாராம். தொப்புள்ள சாம்பலும் வைக்கல, சாணியும் வைக்கல. வெள்ளத் துணிய மட்டும் வச்சுக் கட்டுனாராம்."

பாகவதர் அப்படி எதுவும் சொல்லவேயில்லை. ஆத்தா முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசித்தாள்.

"செயிலுக்குள்ள வெந்நி ஏதுடி?"

மதினி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"காவக்காரங்க தூங்கிட்டாங்கல்ல. அவங்க சோறாக்குன அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம்."

"அதானே பாத்தேன்" என்றாள் ஆத்தா.

மறுநாளே தெரு முழுக்க அது போய்விட்டது. ஆத்தா கதையைச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாதவள். காவல்காரன் அடுப்பில் என்ன விறகு எரிந்தது என்பது வரைக்கும் சேர்த்துச் சொன்னாள். மருத்துவச்சியின் காதுக்கும் போனது. அவள் வெற்றிலையை மென்றுகொண்டே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நா எத்தனையோ தடவ அந்தக் கத கேட்டிருக்கேன். வெந்நி போட்டதா யாரும் சொன்னதில்ல."

"இவரு பெரிய பாகவதரு. தஞ்சாவூருப் பக்கம். இவருக்குத் தெரிஞ்சது மத்தவனுக்குத் தெரியுமா?"

"அப்படின்னா நானும் ஒரு தடவ என் காதால கேக்கணும்."

அந்த வாய்ப்பும் வந்தது. பங்குனிக் கடைசியில் விழாவை முடிக்கும்போது, ஜனங்கள் விருப்பப்பட்ட கதையை மறுபடி சொல்வதாக அறிவித்தார்கள். பெண்கள் பக்கத்தில் எல்லோரும் கிருஷ்ண ஜனனம்தான் கேட்டார்கள். ஆத்தா மூட்டு வலியைப் பார்க்காமல் வண்டி பேசச் சொன்னாள். மருத்துவச்சியும் ஏறிக்கொண்டாள். அன்றைக்குப் பகல் முழுக்க அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்தேன். பாகவதரிடம் போய்க் காலில் விழுந்து, வெந்நீரைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் தங்கியிருந்த வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். என்னவென்று கேட்பது. மதினியிடம், உடம்பு சரியில்லை என்று சொல்லி எல்லோரையும் வீட்டிலேயே நிறுத்திவிடுங்கள் என்றேன்.

"வேணாம் தம்பி. கேக்கட்டும்" என்றார். குரலில் பயம் இல்லை. அசதி மட்டும் இருந்தது.

அன்றைக்கு மட்டும் மதினி மேடையைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஆத்தா, மறுபக்கம் மருத்துவச்சி. பாகவதர் அருமையாகச் சொன்னார் என்று எல்லோரும் சொன்னார்கள். மழை, இருட்டு, காவல்காரர்களின் குறட்டை, விலங்கு கழன்று விழுந்த சத்தம், ஜனங்கள் சொக்கிப் போயிருந்தார்கள். குழந்தை பிறந்தது. நான் வாசற்படியில் நின்று தட்டிக்குப் பின்னால் இருந்த மூன்று தலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆத்தா முன்னால் சாய்ந்து, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டாள். பாகவதர் குழந்தையைக் கூடையில் வைத்து, யமுனையில் இறக்கிவிட்டார். அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை. மருத்துவச்சி ஆத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆத்தா அவளைப் பார்க்கவில்லை. மெதுவாக மதினியின் பக்கம் திரும்பினாள். மதினி வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராக மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. ஆத்தா கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. என்னைப் போன்றவனுக்குத் திட்டு வாங்கினால்கூட நிம்மதி. பேசாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது. ஆத்தா சித்திரை முழுக்க அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நூலகத்தில் பந்தலைப் பிரித்தார்கள். பாகவதர் ஊரை விட்டுப் போனார். தட்டியை அவிழ்த்து, ஜமுக்காளத்தைச் சுருட்டி, கூடத்தைக் கழுவிவிட்டேன். பெண்கள் வருவது நின்று போனது.

வைகாசியில் ஒரு நாள் காலையில் மதினிக்கு வலி கண்டது. அண்ணன் பஸ்ஸில் போயிருந்தார். மருத்துவச்சியைக் கூட்டி வந்துவிட்டு நான் கொல்லையில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள் சுவருக்கு அப்பால் நடப்பது எல்லாம் கேட்கும். வெயில் ஏறி உச்சிக்கு வந்த சமயத்தில் குழந்தை அழுதது. பிறகு ஆத்தாவின் குரல்.

"அந்த அரிவாள வையி. அடுப்புல வெந்நி கொதிக்குது. கத்தியும் நூலும் அதுலதான் கெடக்கு. மொதல்ல கையக் கழுவு, சோப்பு வாங்கி வச்சிருக்கேன்."

"இது என்னக்கா புதுசா?"

"பாகவதரு சொன்னாருல்ல."

"நானுந்தான ஒங்கூட உக்காந்து கேட்டேன். அவரு அப்படி எதுவும் சொல்லலியே."

"நீ அப்பத் தூங்கிட்டே."

"நானா? வெத்தல போட்டுக்கிட்டுக் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன் அக்கா."

"கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குறவடி நீ. எனக்குத் தெரியாதா? நான் கேட்டேன். நல்லாக் காதுல விழுந்துச்சு. கையக் கழுவு."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. மருத்துவச்சி ஏதோ முணுமுணுத்தாள், ஆனால் கழுவினாள். நான் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒவ்வொரு பொழுதும் விடிந்து அடைந்தது என்று மட்டும் சொல்லலாம். எட்டாம் நாள் வேலைக்குப் போகவில்லை. மதினி பிள்ளையைக் கீழே வைக்காமல் மடியில் வைத்து அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கூரை மேலே காக்காய் கத்தியபோது மூன்று பேரும் நிமிர்ந்தோம். மதினி மட்டும் உடனே குனிந்துகொண்டார். குழந்தை பால் குடித்தது. சாயங்காலமும் குடித்தது. மறுநாளும் குடித்தது. யாரும் சந்தோஷப்படவில்லை. அதற்கும் உடம்பில் பலம் வேண்டுமல்லவா. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் படுத்துத் தூங்கிவிட்டோம்.

அந்தப் பெண் பிள்ளைக்கே இப்போது மருமகள் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். போய்ப் பார்த்தேன். நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதினியும் இல்லை, ஆத்தாவும் இல்லை, சொன்னாலும் நம்ப ஆள் இல்லை. ஆத்தாவும் மதினியும் கடைசி வரைக்கும் அந்த விஷயத்தைத் தங்களுக்குள் பேசிக்கொண்டதே இல்லை. நான் அறிந்த மட்டும் ஒரே ஒரு தடவை அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்து போனார்கள்.

அது பிள்ளைக்கு ஒரு மாசம் ஆன சமயம். வயிற்றுப் போக்கு. ஆத்தா வசம்பை இழைக்கக் கல்லை எடுத்தவள், இழைக்காமல் கீழே வைத்தாள். மதினியைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே கேட்டாள்.

"ஏத்தா, அந்தப் பாகவதரு வயித்தாலப் போறதப் பத்தி எதுவும் சொல்லலையா?"

பாகவதர் ஊரை விட்டுப் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மதினி பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"சொல்லியிருப்பாரு அயித்த. எனக்குத்தான் ஞாபகமில்ல. தம்பிகிட்டச் சொல்லிக் கேக்கச் சொல்றேன்."

மறுநாள் நூலகர் சாரிடம் சொல்லி என் பெயரில் அந்தப் புத்தகத்தை எடுத்தேன். துண்டுக்குள் சுற்றி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கவலை. ஆத்தா கண்ணில் பட்டால் என்ன சொல்வது என்று ராஜவீதி தொடங்கி வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். ஆத்தா வாசலிலேயே உட்கார்ந்து பிள்ளைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். என் அக்குளைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"தரையெல்லாம் ஈரமாக் கெடக்கு" என்றாள். "மேல தூக்கி வையிடா."